வீட்டிலேயே காய்ச்சிய சாஸில் டெரியாக்கி சிக்கன்: சேலத்துச் சமையலறைக்கு ஒரு செய்முறை

டெரியாக்கி சிக்கன் என்ற ஜப்பானியக் கோழி உணவைச் செய்ய முனையும் நம் ஊர்க்காரர்கள் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது, கோழிக்கறி என்றாலே எதையாவது தடவி ஊறவைத்துவிட வேண்டும் என்ற பழக்கத்தைத்தான். சோயா சாஸும் இனிப்பும் கலந்த கலவையில் இரண்டு மணி நேரம் ஊறிய கறி சூடான பாத்திரத்தில் விழுந்தவுடனேயே அதன் மேலுள்ள சர்க்கரை கருகத் தொடங்கிவிடும். உள்ளே வேகட்டும் என்று காத்திருந்தால் வெளிப்புறம் கசந்துபோகும். கருகலுக்குப் பயந்து எடுத்துவிட்டால் நடுப்பகுதி பச்சையாக நிற்கும். ஜப்பானிய வீட்டுச் சமையலில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே கறியை எதிலும் ஊறவைக்காமல், தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து நிதானமாக வாட்டி, வெளியேறும் கொழுப்பைத் துடைத்துவிட்டு, கடைசிச் சில நிமிடங்களில்தான் சாஸை ஊற்றுகிறார்கள். அந்தச் சாஸ் கறியைச் சுற்றிச் சுண்டிச் சுண்டிப் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும்போதுதான் இது டெரியாக்கி ஆகிறது. சுண்டாமல் ஊற்றிப் பரிமாறினால் அது சோயா சாஸ் ஊற்றிய கோழி, அவ்வளவுதான்.

மசாலாவே இல்லாமல் கறியா என்று தயங்க வேண்டியதில்லை. பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டுப் பழகிய நம் வட்டாரத்துக்கு இந்தச் சிக்கனம் புதிதன்று. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு ஆகியவற்றைக் கொண்டே அந்தக் கறி மணக்கிறது. அதில் மல்லித்தூள் இல்லையே, கரம் மசாலா இல்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. டெரியாக்கியையும் அதே மனநிலையோடு அணுகினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு செய்முறையில் அன்னாசிச் சாறும், இன்னொன்றில் சோள மாவும், வேறொன்றில் இவை இரண்டுமே இல்லாமலும் இருப்பதைப் பார்த்துப் பலரும் குழம்புகிறார்கள். இவை வெவ்வேறு கிளைகள் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் நீங்கும். ஜப்பானில் சோயா சாஸ், மிரின் என்னும் இனிப்பான அரிசி மது, சாக்கே என்னும் இன்னோர் அரிசி மது, சர்க்கரை ஆகிய நான்கும் போதும். கோழியைவிட, புரி என்ற கொழுப்பு மிகுந்த கடல் மீனுக்கே இந்த முறை அங்கே பெரிதும் பேர்போனது. ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஜப்பானியர்களின் வழியில் அன்னாசிச் சாறும், இஞ்சியும், பூண்டும் சேர்ந்தன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொஷிஹிரோ கசாஹாரா என்பவர் 1976-ல் திறந்த கடையிலிருந்து பரவிய பாணி, வாட்டிய கோழியோடு சோறும் காய்கறிக் கலவையும் வைத்துக் கொடுக்கும் முழுச் சாப்பாடாக அமைந்தது. கடைகளில் பாட்டிலில் விற்கும் கெட்டியான சாஸ் பெரும்பாலும் இந்த அமெரிக்கக் கிளைக்கு நெருக்கமானது. அதன் கெட்டித்தன்மை மாவினால் வருவது, சுண்டுவதால் வருவதன்று. இங்கே சொல்லப்படுவது ஜப்பானிய வீட்டு முறை. நம் கடைகளில் கிடைக்காதவற்றுக்கு மட்டும் மாற்று தரப்படுகிறது.

சோயா சாஸ்

சாஸின் சுவையில் முக்கால் பங்கு சோயா சாஸைப் பொறுத்தது என்பதால் இங்கே சற்று நின்று தெரிவு செய்ய வேண்டும். ஃப்ரைடு ரைஸ் வண்டிகளில் புழங்கும் டார்க் சோயா என்ற கறுப்பு பாட்டில் இதற்கு ஆகாது. அது நிறத்துக்காகச் சேர்ப்பது. நான்கு கரண்டி ஊற்றினால் கறி தார் நிறத்தில் வருவதோடு, சுண்டும்போது அடியில் கசப்பும் தங்கிவிடும். நமக்கு வேண்டியது இயற்கையாக நொதிக்கவைத்த ஜப்பானிய வகை. பாட்டிலின் பின்புறம் திருப்பிப் பார்த்தால் தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு என்ற நான்கும்தான் முதன்மையாக இருக்க வேண்டும். கேரமல் நிறமி, அமிலம், நீராற்பகுத்த காய்கறிப் புரதம் என்று பட்டியல் நீண்டால் அது மாதக்கணக்கில் நொதித்து வந்த சாஸ் அன்று, அவசரத்தில் கலந்து செய்தது. ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துப் பெரிய டிபார்ட்மெண்டல் ஸ்டோர்களில் கிக்கோமான் போன்ற பாட்டில்கள் இல்லையென்றால் இணையத்தில் வரவழைத்துக்கொள்ளலாம்.

அது கிடைக்கவே இல்லையென்றால், லைட் சோயா என்று எழுதிய பாட்டிலில் மூன்று பங்கும் டார்க் சோயாவில் ஒரு பங்கும் கலந்துகொள்ளலாம். லைட் என்ற பெயரைப் பார்த்து உப்புக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. நிறம்தான் வெளிறியது, உப்பு அதில்தான் தூக்கலாக இருக்கும். ஆகவே இந்தக் கலவையைப் பயன்படுத்தும்போது தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ள வேண்டும். பொதுவாக ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதாவது இரண்டு கிராமுக்கு மேற்பட்ட உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குச் சாஸை அளந்தே பரிமாற வேண்டும். கறியில் தனியாக உப்புப் போடவே கூடாது என்பதற்கும் இதுவே காரணம். சோயா சாஸில் கோதுமை இருப்பதால் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

இனிப்பு

மிரினில் ஏறக்குறைய 14 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது, சாக்கேயும் மதுதான். கொதிக்கவைத்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் சொன்னாலும், சில நிமிடக் கொதிப்பில் அது முற்றிலும் நீங்குவதில்லை. மதுவைத் தவிர்க்கும் வீடுகளில் இரண்டையும் விட்டுவிடுவதே நேர்மையானது. விட்டாலும் சாஸ் கெட்டுப்போகாது. மிரின் தருவது இனிப்பும் மினுமினுப்பும். சாக்கே கறியின் கவிச்சையை அடக்குகிறது. முன்னதற்கு வெல்லமும் கொஞ்சம் தேனும், பின்னதற்கு இஞ்சிச் சாறும் போதும்.

வெல்லம் என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். ஒக்கினாவாத் தீவுகளில் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் கறுப்புச் சர்க்கரை ஜப்பானியச் சமையலில் மதிப்பு மிக்கது. நம் வெல்லம் அதற்கு நெருங்கிய உறவு. வெள்ளைச் சர்க்கரை வெறும் இனிப்பைத்தான் தரும். வெல்லத்திலோ கரும்பின் மணமும், லேசான உப்புக்கரிப்பும், காய்ச்சிய பாகின் வாசனையும் சேர்ந்து வருவதால், ஐந்தே பொருளில் செய்யும் சாஸுக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது. ஓமலூர் வட்டாரத்துக் கரும்பாலைக் கொட்டகைகளிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிக்கு வரும் உருண்டைகளில், வெளிறிய மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதை விட்டுவிட்டுக் கரும்பழுப்பாக இருப்பதை எடுக்க வேண்டும். அந்தப் பளிச்சென்ற நிறம் பெரும்பாலும் வெளுக்கவைக்கும் வேதிப்பொருளால் வருவது. நாட்டுச்சர்க்கரையும் ஆகும். எதுவானாலும் அடியில் மண் தங்குவது உறுதி என்பதால் கரைத்து வடிகட்டாமல் சாஸில் சேர்க்கக் கூடாது. பற்களுக்கிடையில் நறநறவென்று ஒரு மணல் துகள் அகப்பட்டால் போதும், அவ்வளவு பாடும் வீணாகிவிடும்.

தேன் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பாகு பூத்துப்போகாமல் காத்து மினுமினுப்பைக் கூட்டுகின்றன. சேர்வராயன் மலையில் கிடைக்கும் மலைத்தேன் மணம் மிகுந்தது; ஆனால் மணம் தூக்கலாக இருந்தால் சாஸ் முழுவதும் தேன் வாடையே அடிக்கும் என்பதால் அளவைக் குறைத்தே தொடங்க வேண்டும்.

கறி

கோழி வாங்குவதில்தான் நம் ஊரில் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் கடைக்காரர் தோலை உரித்து, எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டிப் பையில் போட்டுவிடுவார். நான்கு பேருக்கு, தோல் உரிக்காத பிராய்லர் கோழியின் தொடைப் பகுதி மட்டும், எலும்பு நீக்கிய பின் 600 கிராம் வரும்படி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலான கடைகளில் எடுத்துத் தருகிறார்கள். எலும்பை வீட்டிலேயே நீக்குவதும் கடினமன்று: தொடையைத் தோல் பக்கம் கீழே வைத்து, எலும்பின் நீளத்துக்குக் கத்தியின் நுனியால் ஒரு கோடு கீறி, சதையை இரு பக்கமும் சுரண்டி விலக்கினால் எலும்பு தனியே வந்துவிடும். அந்த எலும்பை வீசாமல் இஞ்சித் துண்டோடு கொதிக்கவைத்தால் கூடவே ஒரு சூப்பும் ஆகிவிடும்.

நெஞ்சுக்கறி வேண்டாம், அதில் கொழுப்பு குறைவு என்பதால் சாஸ் சுண்டுவதற்குள் நார் நாராக வறண்டுவிடும். நாட்டுக்கோழியும் இதற்குப் பொருந்தாது. குழம்புக்கும் வறுவலுக்கும் அதற்கு நிகர் எதுவும் இல்லை என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆனால் அது மெதுவாக வெகுநேரம் வேக வேண்டிய கறி, டெரியாக்கியோ இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை.

கறியைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமிகள் தெறித்துச் சமையல் மேடையெங்கும் பரவும். அலசாமல் மனம் ஒப்பாதவர்கள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி மெதுவாக முக்கியெடுத்து, பாத்திரத்தையும் தொட்டியையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். அதைவிட முக்கியமானது, கறியை, குறிப்பாகத் தோலை, துணியாலோ காகிதத் துண்டாலோ ஈரம் போக ஒற்றியெடுப்பது. ஈரத் தோல் பொன்னிறமாவதற்கு முன் அவிந்துவிடும். தோலில் ஒட்டியிருக்கும் இறகுத் தூவிகளை அடுப்புச் சுவாலையில் காட்டிப் பொசுக்கிக்கொள்ளலாம். பிறகு தோலில் முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, சதை தடித்த இடங்களைக் கத்தியால் லேசாகக் கீறி விரித்துவிட்டால், துண்டு முழுவதும் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் சமமாக வேகும். சித்திரை, வைகாசி மாதத்துச் சேலம் வெயிலில் கறியை மேடையில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கக் கூடாது. சாஸைக் காய்ச்சி முடிக்கும் வரை அது குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும்.

சாஸ் காய்ச்சுதல்

600 கிராம் கறிக்கு, சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, அதாவது 60 மில்லிலிட்டர். பொடித்த வெல்லம் 45 கிராம். தண்ணீர் 90 மில்லிலிட்டர். இரண்டு அங்குல இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு. வெள்ளை வினிகர் அல்லது அரிசி வினிகர் அரைத் தேக்கரண்டி. தேன் ஒரு தேக்கரண்டி. மிரினும் சாக்கேயும் வாங்கிப் பயன்படுத்துவோர் வெல்லத்தை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்து, தண்ணீரையும் தேனையும் வினிகரையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதில் மிரின் 4 மேசைக்கரண்டியும் சாக்கே 4 மேசைக்கரண்டியும் சேர்க்க வேண்டும். பூண்டு ஜப்பானிய முறையில் இல்லை. விருப்பமிருந்தால் ஒரு பல்லை நசுக்கிப் போட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிடலாம். காரம் இல்லாமல் சோறு இறங்காது என்போர் ஒரு வரமிளகாயைக் கிள்ளாமல் முழுதாகப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். அது வந்துவிட்டால் மற்ற எந்த மணமும் எடுபடாது.

வெல்லத்தைத் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் கரைத்து, மெல்லிய துணியிலோ நெருக்கமான வடிகட்டியிலோ வடித்து, அதே பாத்திரத்தைக் கழுவிவிட்டு மீண்டும் அடுப்பில் ஏற்ற வேண்டும். சோயா சாஸையும் வினிகரையும் ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து நான்கைந்து நிமிடம் விட்டால், ஓரங்களில் நுரை கட்டி, பிறகு அந்த நுரை அடங்கி, கலவை ஒரு சீராகச் சிற்றலைபோல் கொதிக்கும். அப்போது இஞ்சிச் சாற்றையும் தேனையும் சேர்த்து இறக்கிவிடலாம். இஞ்சியை முதலிலேயே போட்டால் அதன் மணம் கொதியிலேயே போய்விடும். இந்த நிலையில் சாஸ் நீர்த்துத்தான் இருக்கும். இன்னும் கெட்டியாகவில்லையே என்று காய்ச்சிக்கொண்டே போகக் கூடாது, ஏனெனில் மீதி வற்றல் கறியோடு சேர்ந்து நடக்க வேண்டியது. ஒரு சொட்டை ஆறவைத்து நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பும் இனிப்பும் இரண்டுமே சற்று மிகையாகத் தெரிய வேண்டும். சோற்றோடு சேரும்போது அது சரியாகிவிடும்.

வாட்டுதலும் சுண்ட வைத்தலும்

தோசைக்கல் இதற்கு உதவாது. ஓரம் தாழ்வாக இருப்பதால் சாஸ் வழிந்துவிடும். இரண்டு விரல் உயரம் ஓரம் உள்ள, 26 சென்டிமீட்டர் அளவான, அடி தடித்த நான்ஸ்டிக் பாத்திரம் ஏற்றது. எண்ணெய் ஒரு தேக்கரண்டியே மிகுதி. பாத்திரம் குளிர்ந்திருக்கும்போதே கறித்துண்டுகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, அதன் பிறகு அடுப்பைப் பற்றவைத்து நடுத்தரத் தீயில் விட வேண்டும். குளிர்ந்த பாத்திரத்தில் தொடங்கினால் தோலின் அடியிலுள்ள கொழுப்பு மெதுவாக உருகி வெளியேறும். காய்ந்த பாத்திரத்தில் போட்டால் தோல் உடனே சுருண்டு, நடுப்பகுதி பாத்திரத்தைத் தொடாமலே நின்றுவிடும். சுருளாமலிருக்க மேலே ஒரு கனமான தட்டையோ சிறிய பாத்திரத்தையோ வைத்து அழுத்தலாம்.

முதல் ஏழெட்டு நிமிடம் கறியைத் தொடவே கூடாது. சடசடவென்ற ஓசை சற்றுத் தணிந்து, சதையின் ஓரங்கள் கீழிருந்து பாதி உயரம் வரை வெளுத்து வரும்போது ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தால், தோல் முறுகிப் பொன்னிறமாகி, தானாகவே பாத்திரத்தை விட்டு வந்துவிடும். வரவில்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம் விட வேண்டும். திருப்பிப் போட்டு, மூடாமல் மூன்று நான்கு நிமிடம் வேகவிடலாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டு நிமிடம் மூடிவைப்பது நல்லது. மலைக்குளிரில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கறியின் நடுப்பகுதி சூடேறச் சற்று நேரமாகும்.

அடுத்து வருவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பாத்திரத்தில் இப்போது இரண்டு மூன்று மேசைக்கரண்டிக் கொழுப்பு தேங்கி நிற்கும். தீயைக் குறைத்து, பாத்திரத்தைச் சாய்த்து அதை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, மீதியை மடித்த காகிதத் துண்டால் இடுக்கியைக் கொண்டு துடைத்தெடுக்க வேண்டும். கொழுப்பின் மேல் சாஸ் ஒட்டாது. இரண்டும் பிரிந்து, கறி எண்ணெயில் மிதக்க, சாஸ் அடியில் தனியே நிற்கும். எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் என் சாஸ் ஒட்டவே இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தத் துடைப்பைச் செய்யாதவர்களே.

துடைத்த பாத்திரத்தில் சாஸ் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றித் தீயைக் கூட்ட வேண்டும். முதலில் குமிழிகள் சிறியனவாக, நெருக்கமாக, வேகமாக எழும். தண்ணீர் ஆவியாவதன் அடையாளம் அது. கறித்துண்டுகளைச் சதைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு, ஒரு கரண்டியால் சாஸை மொண்டு மொண்டு தோலின் மேல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஆகும்போது குமிழிகள் பெரிதாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோம்பலாக உடையும். நிறமும் தண்ணீர்க் கறுப்பிலிருந்து செம்பழுப்புக்கு மாறும். இதற்குப் பிறகு நேரம் மிக வேகமாக ஓடுவதால் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

பதம் பார்ப்பதில் அதிரசப் பாகு வைத்துப் பழகியவர்களுக்குக் கஷ்டமே இல்லை: விரல்களுக்கிடையில் கம்பி இழுபடும் பதத்துக்குச் சற்று முன்னால், பாகு பிசுக்கென்று ஒட்டும் நிலையிலேயே இங்கே நிறுத்திவிட வேண்டும். கரண்டியின் நுனியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு ஒரு நொடி தெளிவாகத் தெரிந்து பிறகு மூடிக்கொள்ள வேண்டும். உடனே மூடிக்கொண்டால் இன்னும் வற்ற வேண்டும். மூடிக்கொள்ளவே இல்லையென்றால் அளவு தாண்டிவிட்டது, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பாத்திரத்தைச் சுழற்றிவிட்டால் சரியாகிவிடும். ஆறும்போது சாஸ் மேலும் இறுகும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது சற்று இளக்கமாகத் தெரிவதே சரியான பதம். கருகிய வாடை வந்துவிட்ட சாஸுக்கு மட்டும் பரிகாரம் கிடையாது. தண்ணீரோ சர்க்கரையோ எதுவும் அந்தக் கசப்பை மறைக்காது, கறியை எடுத்துவிட்டுப் புதிய சாஸ்தான் காய்ச்ச வேண்டும்.

இறக்குவதற்கு முன் கடைசி அரை நிமிடம் துண்டுகளைத் தோல் பக்கம் கீழே திருப்பிப் பாகில் புரட்டியெடுக்கலாம். வெப்பமானி உள்ளவர்கள் கறியின் தடித்த பகுதியில் 74 பாகை செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாதவர்கள் அங்கே கத்தியால் குத்தி, வெளிவரும் சாறு இளஞ்சிவப்பு இல்லாமல் தெளிவாக இருப்பதையும், சதை முற்றிலும் வெளுத்திருப்பதையும் உறுதி செய்துகொள்ளலாம். வெட்டுப் பலகையில் நான்கு நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்காக ஒரு விரல் அகலத்தில் நறுக்கி, பாத்திரத்தில் மிஞ்சிய சாஸை மேலே ஊற்றினால் முடிந்தது.

தோல் கிடைக்காதபோது

தோலில்லாத கறிதான் கிடைத்தது என்றால் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானியர்கள் இதற்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைத் தூவுகிறார்கள். நம்மிடம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. இங்கே தயாராகும் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அதே சேகோ ஆலைகளிலிருந்து வரும் வெண்மையான ஸ்டார்ச் மாவைச் சமையலில் பயன்படுத்துவதோ மிகக் குறைவு. உண்பதற்கென்று பொட்டலமிட்ட மாவைத்தான் வாங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஈரம் ஒற்றிய கறியின் மேல் அந்த மாவை மிக மெல்லியதாகத் தூவி, அதிகமானதைத் தட்டி உதிர்த்துவிட்டு, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வாட்டினால், மாவு ஒரு மெல்லிய படலமாகி, அதன் மேல் சாஸ் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தோலின் முறுகல் இதில் வராது. ஆனால் கறி வறண்டுபோகாமல் இருக்கும்.

சாஸைக் கெட்டியாக்க நேரடியாக மாவு கரைத்து ஊற்றுவது என் பார்வையில் தேவையற்றது. நாற்பது பேருக்குச் சமைக்கும்போதோ, சாஸை முன்கூட்டியே செய்து பாட்டிலில் அடைக்கும்போதோ அது கைகொடுக்கும். அப்போதும் சோள மாவைவிடக் குச்சிக்கிழங்கு மாவே மேல், ஏனெனில் அது கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும், சோள மாவு மங்கலாக்கிவிடும். ஒரு தேக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்தவுடன் இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் இந்த மாவின் கட்டு தளர்ந்து சாஸ் மறுபடியும் நீர்த்துவிடும்.

சோறும் தொட்டுக்கொள்ள வேண்டியவையும்

ஜப்பானியச் சோறு ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொள்ளும். உதிரி உதிரியாக வடித்த பொன்னி புழுங்கலில் சாஸ் அடியில் இறங்கிவிடுகிறது. பொங்கலுக்கு வாங்கும் புதுப் பச்சரிசி இதற்கு மிகப் பொருத்தம். இரண்டு முறை கழுவி, இருபது நிமிடம் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கால் டம்ளர் தண்ணீர் கூட்டிக் குக்கரில் வைத்தால் போதும். ஏற்காட்டில் குக்கர் இல்லாமல் பாத்திரத்தில் வடிப்பவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்: ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகத் தாமதமாகும். அங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மார்கழிக் குளிரில் தட்டு சில்லென்று இருந்தால் சாஸ் பரிமாறிய உடனேயே இறுகிவிடும். தட்டுகளை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுப் பரிமாறினால் கடைசிக் கவளம் வரை இளக்கமாக இருக்கும்.

பக்கத்தில் மெல்லியதாக நறுக்கிய முட்டைகோஸும், உப்பும் வினிகரும் பிசறிய வெள்ளரிக்காயும் வைப்பது வழக்கம். மாம்பருவத்தில் அந்த வெள்ளரிக்குப் பதிலாகக் கிளிமூக்கு மாங்காயைத் தோல் சீவி நீள நீளமாக அரிந்து, ஒரு சிட்டிகை உப்பு மட்டும் தூவி வைத்தால், சாஸின் இனிப்பை அந்தப் புளிப்பு நேராக்குவதை உண்ணும்போதே உணரலாம். வறுத்த வெள்ளை எள்ளும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் மேலே தூவ வேண்டும். ஏற்காட்டு மிளகைக் கரகரப்பாக உடைத்துக் கால் தேக்கரண்டி தூவுவது என் சொந்தச் சேர்க்கை. ஜப்பானியர்கள் இவ்விடத்தில் சான்ஷோ என்ற வேறொரு காரப் பொடியைத் தூவுவதுண்டு என்பதால் மிளகு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. தட்டுவடை செட்டுக்கு இந்தச் சாஸை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வேண்டிய புளிப்பும் காரமும் இதில் கிடையாது, அந்தச் சட்னிகளே அதற்குப் போதும்.

ஹவாய்ப் பாணி வேண்டுவோர் 90 மில்லிலிட்டர் தண்ணீரில் பாதியைக் கொல்லிமலை அன்னாசிச் சாறாக மாற்றி, வெல்லத்தை 30 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். பச்சை அன்னாசிச் சாற்றில் கறியை ஊறவைக்க மட்டும் கூடாது; அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைத்துக் கறியைக் கூழாக்கிவிடும். கொதித்த சாற்றில் அந்த நொதி செயலிழந்துவிடுவதால் சாஸாகக் காய்ச்சி ஊற்றும்போது அந்த ஆபத்து இல்லை. கறி உண்ணாதவர்களுக்குத் தடிமனாக அரிந்த காளானையோ பன்னீரையோ இதே சாஸில் புரட்டலாம். இரண்டிலும் உப்பு சீக்கிரம் ஏறுவதால் சாஸைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மீனில் செய்ய விரும்பினால், மேட்டூர் அணையின் கட்லாவைவிட முள் குறைந்த கடல் மீனே வசதி. ஜப்பானியர்களின் புரி மீன் நம் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் பாறைத் துண்டுகளே முதல் தேர்வு. தோலோடு இரண்டு பக்கமும் மூன்று நிமிடம் வாட்டி, சாஸை இரண்டு நிமிடம் மட்டும் சுண்டவைத்தால் போதும்.

சாஸை இரட்டிப்பு அளவில் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வைத்திருக்கலாம். பாட்டிலுக்குள் ஈரக்கரண்டி போகக் கூடாது. பச்சைக்கறி பட்ட சாஸை மறுபடியும் அதில் ஊற்றவும் கூடாது. மிஞ்சிய கறியைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிட வேண்டும். சூடாக்கும்போது மைக்ரோவேவில் வைத்தால் சர்க்கரை ஓரங்களில் மிட்டாய்போல் இறுகிக் கறி ரப்பராகிவிடும்; அதே பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டுச் சிறு தீயில் மூன்று நிமிடம் வைத்து, பிறகு மூடியை எடுத்துவிட்டுச் சாஸ் மீண்டும் பிசுக்கென்று ஒட்டும் வரை சுண்டவிட வேண்டும்.